நீர்க்குமிழி நிற்பது எங்ஙனம்?

தமிழாசிரியன் ஒருவன் பௌதிகவியற் பொருளொன்றைப்பற்றி எழுதப் புகுவது, இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். என்னிடம் இலக்கணங் கற்றோர் நகைக்கவுங்கூடும். இதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், மாரிகாலத்து நாளொன்றிலே, மேல்வகுப்பு மாணவர்க்கு நாலடியாரின் யாக்கை நிலையாமை என்னும் அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மழைநீரிலே தோன்றி மறையும் மொக்குள் அங்கே மனித யாக்கைக்கு உவமையாக வந்துள்ளது. மொக்குள் என்பது குமிழி. வெளியே முற்றத்தில் மழை பெய்துகொண்டிருந்தமையால் உவமையைக் கண்ணாற் காட்டி விளக்குதலும் எளிதாயிற்று. அப்பொழுது பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மழைத் தண்ணீரில் வருகிற குமிழி உடனே உடைந்துபோகிறது. நாங்கள் பப்பாசிக் குழலால் ஊதுகிற சவர்க்காரக் குமிழி வேலிக்கு அப்பாலும் பறந்து போகிறது. இரண்டும் தண்ணீர்தானே, ஏன் அப்படி?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இருக்கவில்லை. "இது இலக்கிய வகுப்பு; இலக்கியத்தைக் கேள். இரு" என்றேன். வகுப்புச் சிரித்தது; அவன் இருந்தான். அவ்வாண்டு முடியும்வரை என் வகுப்பிலே அவன் வேறொரு கேள்வியும் கேட்டானல்லன்.

அம்மௌனம் என்னை நெடுநாள் உறுத்தியது. ஈற்றில், பௌதிகவியல் கற்பிக்கும் நண்பரிடஞ் சென்று அதே கேள்வியை நான் கேட்டேன். அவர் எனக்குச் சில நூல்களைத் தந்தார். பொறுமையுடன் விளக்கியும் உதவினார். அங்ஙனம் நான் கற்றறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன். அம்மாணவனுக்கு அன்று கொடுத்திருக்கவேண்டிய விடை இதுவாகும்.

நீரின் மேற்பரப்பு

நீரின் உள்ளே கிடக்கும் மூலக்கூறு ஒன்றினை அதன் அயல் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஒப்ப இழுக்கின்றன. மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுக்கோ மேற்புறத்தில் அயலார் இலர். ஆதலின் அது உள்நோக்கி இழுக்கப்படுகின்றது. இதனால் நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போல, இயன்ற அளவு சுருங்கவே முயல்கின்றது. இவ்விழுவை பரப்பிழுவிசை எனப்படும். மழைத்துளி உருண்டு திரள்வதும், நீர்ப்பூச்சி குளத்தின்மேல் நடப்பதும் இதனாலேயாம்.

சவர்க்காரம் இவ்விழுவையை வலுப்படுத்துவதனாலேதான் குமிழி நிலைக்கின்றது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை இதற்கு நேர்மாறானது. சவர்க்காரங் கலந்த நீரின் பரப்பிழுவிசை தூய நீரினதிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. வலிமை குறைந்த பரப்பு நெடிது நிற்பதும், வலிமை மிகுந்த பரப்பு உடனே அழிவதும் எங்ஙனம் என்னும் ஐயம் இங்கே எழும்.

குமிழியின் சுவர் ஒரு மென்படலம். அதற்கு உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று என இரு மேற்பரப்புகள் உள. சவர்க்கார மூலக்கூறு ஒவ்வொன்றிற்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. இவை தலையை நீருள் அமிழ்த்தி, வாலைக் காற்றில் நீட்டியவாறு இரு மேற்பரப்புகளிலும் நெருங்கி அணிவகுத்து நிற்கும். இடையிலே நீர் தங்கும்.

நிமிர்ந்து நிற்கும் படலம் ஒன்றினை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நீர் புவியீர்ப்பினாற் கீழே வடிய முயலும். அந்நிறையைத் தாங்குவதற்குப் படலத்தின் மேற்பகுதியில் இழுவை சற்றுக் கூடியும், கீழ்ப்பகுதியிற் சற்றுக் குறைந்தும் இருத்தல் வேண்டும். தூய நீரில் இழுவை எங்கும் ஒரே அளவினதாகையால் அதனைத் தாங்குவார் இல்லை. நீர் விரைந்து வடிய, படலம் அழிகின்றது. சவர்க்காரப் படலத்திலோ நிலைமை வேறு. ஓரிடம் நீண்டு மெலிந்தால் அவ்விடத்திலே சவர்க்கார மூலக்கூறுகள் ஐதாகின்றன; ஐதானவுடன் இழுவை அங்கே கூடுகின்றது; கூடிய இழுவை அயலிலுள்ள பரப்பையும் அதனோடு ஒட்டிய நீரையும் அவ்விடத்துக்கு இழுத்து வருகின்றது. எங்கே நலிவு தோன்றுகின்றதோ அங்கே உதவி தானாகவே வந்து சேர்கின்றது.

பரப்பிழுவிசையின் வேறுபாட்டால் நீர்மம் ஓடும் இயல்பினை இத்தாலியரான மரங்கோனி என்பவர் 1865 இல் ஆராய்ந்தார். படலத்தின் இம்மீள்தன்மைக்கு 1870களில் விளக்கந் தந்தவர் அமெரிக்க அறிஞர் கிப்ஸ் ஆவார். நம் மாணவன் கேட்ட கேள்விக்கு முதல் விடை இதுவே: சவர்க்காரம் தருவது வலிமையன்று, நலிவுற்ற இடத்தைத் தாங்கும் ஆற்றல்.

சவர்க்காரம் ஒன்றே இவ்வாற்றலை உடையது என்று எண்ணற்க. யாழ்ப்பாணத்தில் முன்னாளிலே பனங்களியால் ஆடை வெளுத்தனர். பனங்களியில் நுரையெழுப்பும் பொருள் இயற்கையாகவே உண்டு. பூவந்திக்கொட்டையும் அத்தகையதே.

நிறமும் கருமையும்

படலத்தின் தடிப்பு, அது புதிதாய்த் தோன்றும்போது, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவினதாய் அல்லது அதனிலுஞ் சற்று மிகையாய் இருக்கும். ஒளியலைகளின் நீளமும் இதனை அண்டிய அளவினதே. படலத்தின் முன்புறத்தில் தெறிக்கும் ஒளியும் பின்புறத்தில் தெறிக்கும் ஒளியும் மீண்டுவந்து கலக்கும்போது, சில நிற அலைகள் முடியோடு முடி சேர்ந்து வலுப்பெறும். சில, முடியோடு தாழி சேர்ந்து அழியும். எந்நிறம் வலுப்பெறும் என்பதைப் படலத்தின் தடிப்பே தீர்மானிக்கின்றது. ஆகவே குமிழியின் நிறங்கள் சாயத்தினால் வந்தவையல்ல. அவை தடிப்பை அளந்து காட்டும் குறிகள்.

குமிழி உடையப்போகுங் காலத்து அதன் உச்சியில் நிறமற்ற கரும்பொட்டொன்று தோன்றும். இதனை இறொபேட்டு ஊக் என்பார் 1672 இல் இலண்டன் அரச கழகத்தாருக்கு எடுத்துரைத்தார். நியூற்றன் 1704 இல் வெளியிட்ட தமது ஒளியியல் நூலில் விரிவாக எழுதினார். அவ்விடத்திற் படலம் துளைபட்டுவிட்டதுபோலத் தோன்றினும் அங்கே படலம் உண்டு. அது மிக மெல்லியதாகையால் இருபுறத் தெறிப்புகளுக்குமிடையே வழிநீள வேறுபாடு இல்லையாகின்றது. ஆயின் முன்புறத்தில் தெறிக்கும் அலை முடி தாழியாகப் புரண்டு மீள்கின்றது. பின்புறத்தில் அங்ஙனம் புரள்வதில்லை. எனவே இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, ஒளி மீளாது கருமை தோன்றுகின்றது. இக்கரும்படலங்களுள் மிக மெல்லியவற்றைப் பதினாயிரத்துக்கு மேல் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கினாலே ஒரு தலைமயிரின் தடிப்பு வரும். இருபுறத்துச் சவர்க்காரத் தலைகளும் ஒரேயினமான மின்னேற்றம் உடையன. ஆதலின் அவை ஒன்றையொன்று தள்ளி, படலம் உடனே ஒட்டி அழியாதவாறு காக்கின்றன.

கூட்டோரங்கள்

இதுவரை தனிப்படலத்தைப் பார்த்தோம். கிணற்றடியில் ஆடை துவைக்கும்போது எழும் நுரையை உற்றுநோக்கினால் வேறொன்றுந் தெரியும். அங்கே படலங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களிலெல்லாம் தடித்த நீர்க்கோடுகள் ஓடுகின்றன. படலங்கள் கூடும் ஓரமாதலின் இதனைக் கூட்டோரம் என்று குறிப்போம். நுரையிலுள்ள நீரின் பெரும்பங்கு படலங்களில் அன்று, பொதுவாக இக்கூட்டோரங்களிலேயே தங்கியுள்ளது.

கூட்டோரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்க இயலுமாயின், அது மூன்று பக்கங்களும் உட்குழிந்த ஒரு சிறு முக்கோணமாய்த் தோன்றும். அதன் தொழிலெல்லாம் இவ்வுட்குழிவிலேதான் அடங்கியுள்ளது. குழிந்த பரப்பின் பின்னேயுள்ள நீரில் அமுக்கம், வெளிக்காற்றின் அமுக்கத்திலும் குறைந்திருக்கும். குழிவின் ஆரை அரை மில்லிமீற்றராயின், அக்குறைவு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கத்துக்குச் சமமாகும். தட்டையான படலத்தினுள் இக்குறைவு இல்லை. ஆகவே விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலக் கூட்டோரம் தன்னைச் சூழ்ந்த படலங்களின் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கின்றது. படலத்தைக் கிடையாகப் பிடித்து, புவியீர்ப்பினால் ஒருபுறம் வடியாதவாறு செய்தாலும், அது ஓரத்தின் வழியே மெலிந்துகொண்டே போகும்.

மைசெல்ஸ், ஷினோடா, பிராங்கெல் என்னும் மூவர் 1959 இல் வெளியிட்ட நூலிலே இவ்வோரத்தின் செயலை நுணுகி விளக்கினர். நிமிர்ந்த படலத்தின் ஓரத்தில், தடித்த பகுதிகள் ஓரத்துள் இழுக்கப்பட்டு மறைகின்றன. அவற்றுக்கு ஈடாக மெல்லிய பகுதிகள் ஓரத்திலிருந்து வெளிப்பட்டு, பாரங் குறைந்தமையால் மேலே எழுகின்றன. நிறங்கள் சுழன்று சுழன்று ஓரத்திலிருந்து புகைபோல எழுவதாகக் கண்ணுக்குத் தெரிவது இதுவே. படலம் நடுவிலிருந்து மெலிகின்றது என்று நாம் கருதுவோம். அதன் ஆயுளைப் பெரிதும் வகுப்பது ஓரமே.

மூன்றும் நான்கும்

கூட்டோரங்கள் சேரும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. எத்துணைக் குழம்பிய நுரையாயினும், அது நீர் வடிந்து உலர்ந்தபின், ஓர் ஓரத்தில் மூன்று படலங்களே கூடும், நான்கு கூடுவதில்லை. அம்மூன்றும் தம்முள் 120 பாகைக் கோணம் அமைத்து நிற்கும். இவ்வோரங்கள் ஒரு முனையிற் சந்திக்குங்கால் நான்கு நான்காகவே சந்திக்கும். எந்த இரண்டு ஓரங்களுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறக்குறைய 109½ பாகையாகும். காபன் அணு தன் நான்கு கைகளையும் ஒப்ப விரிக்கும்போது அமையும் கோணமும் இதுவே.

மூன்று ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே, 10 சதமமீற்றர்ப் பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில் நான்கு ஆணிகளை நிறுத்திச் சவர்க்கார நீரில் தோய்த்தெடுப்போம். படலங்கள் இரு மூலைவிட்டங்களின் வழியே சென்று நடுவில் நான்காய்க் கூடுமாயின் அவற்றின் மொத்த நீளம் ஏறக்குறைய 28.3 சதமமீற்றர். நடுவிற் சிறிய படலமொன்று தோன்றி, அதன் இரு நுனிகளிலும் மூன்று மூன்றாய்க் கூடுமாயின் மொத்த நீளம் 27.3 சதமமீற்றரே. பரப்பைச் சுருக்க முயல்வது படலத்தின் இயல்பாதலின் அது இரண்டாவது வழியையே மேற்கொள்ளும். ஒரே வலிமையுள்ள மூன்று விசைகள் ஒரு புள்ளியிற் சமநிலை எய்த வேண்டுமாயின் கோணம் 120 பாகையாதல் வெளிப்படை.

கண்ணிழந்தவர் கண்டவை

இவ்விதிகளைக் கண்டறிந்தவர் பெல்ஜிய நாட்டினரான யோசேப்பு பிளாற்றோ என்பவர். 1801 இல் புரூசெல்ஸ் நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 1835 இல் கென்ற் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அசையும் படத்தின் முன்னோடியாகிய சுழல்தட்டு ஒன்றினை 1832 இல் ஆக்கியவரும் இவரே. பார்வையின் இயல்பை ஆராயும்பொருட்டு 1829 இல் இவர் சூரியனை நேரே உற்றுநோக்கினார். அதனாலேயே பின்னர்க் கண்ணிழந்தார் என்பது நெடுங்காலம் வழங்கிய கதை. கண்ணழற்சி நோயே காரணம் என்பது பின்னாளில் ஆராய்ந்தோர் கருத்து. எவ்வாறாயினும், 1840களின் நடுப்பகுதிக்குள் அவர் முற்றாகப் பார்வை இழந்தார்.

சவர்க்காரப் படலங்களைப்பற்றிய அவருடைய பேராராய்ச்சி பெரும்பாலும் அதன் பின்னரே நடந்தது. அவர் பரிசோதனைகளைத் தம் மனத்தில் வகுத்தார். அவர் மகனும் மருகரும் உடனாசிரியரும் அவற்றைச் செய்து, கண்டதைச் சொன்னார்கள். அவர் கேள்விமேற் கேள்வி கேட்டு, கேட்டவற்றைக் கொண்டு விதிகளைத் தெளிந்தார். சவர்க்கார நீரிற் கிளிசரின் கலந்து, நெடுநேரம் நிற்கும் படலங்களையும் ஆக்குவித்தார். இவற்றையெல்லாம் தொகுத்து 1873 இல் இரு பாகங்கொண்ட நூலாக வெளியிட்டார். 1883 இல் மறைந்தார். இன்றும் கூட்டோரம் உலக வழக்கிற் பிளாற்றோ ஓரம் என்றே அவர் பெயரால் வழங்கப்படுகின்றது.

கண்ணுள்ளோர் ஆயிரவர் நாள்தோறும் நுரையைக் கண்டும் கேளாத கேள்வியைக் கண்ணில்லாத ஒருவர் கேட்டார் என்பதை வாசித்தபோது, என் வகுப்பின் பின்வரிசையே எனக்கு நினைவுக்கு வந்தது.

பிளாற்றோவின் விதிகள் கண்டறிந்த விதிகளேயன்றி நிறுவப்பட்டவையல்ல. பரப்பைச் சுருக்கும் படலங்களுக்கு இவ்விருவகைச் சேர்க்கையன்றி வேறில்லை என்பதைக் கணிதமுறையில் முழுமையாக நிறுவியவர் யீன் ரெயிலர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஆண்டு 1976. ஒரே கனவளவுள்ள அறைகளாக வெளியைப் பகுக்கும்போது மிகக் குறைந்த பரப்புடைய வடிவம் எது என்று கெல்வின் பிரபு 1887 இற் கேட்டு, தாமே ஒரு வடிவத்தையும் மொழிந்தார். அதனிலும் நூற்றுக்கு 0.3 பங்கு குறைந்த பரப்புடைய வடிவத்தை வெயர், பீலன் என்னும் இருவர் 1994 இல் வெளியிட்டனர். 2008 இல் ஒலிம்பிக் விளையாட்டுக்கென பீக்கிங் நகரில் எழுந்த நீச்சல் மண்டபத்தின் சுவர்கள் அவ்வடிவத்தைத் தழுவியே அமைக்கப்பட்டன. அதனிலுஞ் சிறந்த வடிவம் இல்லையென்று இதுவரை எவரும் நிறுவவில்லை; இளம் மாணவர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

செய்து பார்த்தல்

இவற்றை வாசித்ததோடு அமையாது, கம்பியால் ஒரு சதுரமுகிச் சட்டம் வளைத்து வீட்டிலே செய்து பார்த்தேன். முதல்நாள் முயற்சி முழுத்தோல்வி. நீர் வெண்டிரையாகத் திரிந்ததேயன்றிப் படலம் நிற்கவில்லை. நெடுநேரம் இதனைக் கவனித்திருந்த என் தாயார், "மழைத் தண்ணியிலை கரைச்சுப் பார், தம்பி" என்றார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி, கரையாத மண்டியாகிவிடுகின்றது. மழைநீரில் துவைத்தாற் சவர்க்காரம் மிச்சம் என்பது எங்கள் தாய்மார் எல்லாரும் அறிந்ததே. மழைநீரும், சவர்க்காரமும், மருந்துக்கடையில் வாங்கிய சிறிதளவு கிளிசரினும் போதியவாயின.

சதுரமுகிச் சட்டத்தைத் தோய்த்து மெல்ல எடுத்தால், பன்னிரண்டு விளிம்புகளிலிருந்தும் பன்னிரண்டு படலங்கள் உள்நோக்கிச் சென்று, நடுவிலே ஒரு சிறு சதுரப் படலத்தைத் தாங்கி நிற்கக் காணலாம். அச்சதுரத்தின் பக்கங்கள் சற்றே வெளிவளைந்திருக்கும். மூலைகளில் 90 பாகை அன்று, 109½ பாகையே அமைய வேண்டும் என்னும் விதியே அவற்றை வளைத்தது. ஈரவிரலைப் படலத்தினூடே செலுத்துங்கள், உடையாது. உலர்ந்த விரலாற் தொடுங்கள், உடையும். உடையும் வேகத்தைக் கண் பற்றாது: ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு தடித்த படலத்தில், துளையின் விளிம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 7 அல்லது 8 மீற்றர் வேகத்தில் விரிகின்றது.

முடிவுரை

நாலடியார் கூறும் மொக்குளின் நிலையாமையை இவ்வறிவு சிறிதும் பொய்ப்பித்திலது. காற்று உலர்த்த, புவி கீழிழுக்க, ஓரம் உறிஞ்ச, எக்குமிழியும் ஈற்றில் உடையவே செய்யும். ஆயின் இப்பொழுது அப்பாடலைக் கற்பிக்கும்போது, குமிழி ஏன் உடைகின்றது என்பதோடு, அது சிறிது நேரமேனும் எங்ஙனம் நிற்கின்றது என்பதையும் மாணவர்க்குச் சொல்கின்றேன். வருடந்தோறும் ஒருமுறை, கம்பிச் சட்டமும் மழைநீர்ப் போத்தலும் என்னுடன் இலக்கிய வகுப்புக்கு வருகின்றன. அதனாற் பாடத்திட்டத்தில் ஒருநாள் பின்தங்குகின்றோம்; அதற்கு நான் வருந்தியதில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இப்பொழுது பழைய மாணவருள் ஒருவன். அவன் எவ்வூரில், எத்தொழிலில் இருக்கின்றான் என்பதை நான் அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின் அவனுக்குச் சொல்ல விரும்புவது இது: தம்பி, உன் கேள்வி இலக்கிய வகுப்புக்கு உரியதே. உவமையின் பொருளை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். உவமானத்தை நீ உற்றுநோக்கினாய். எனக்குத் தெரியவில்லை, நாளை கேட்டுச் சொல்கிறேன் என்று அன்று நான் கூறியிருத்தல் வேண்டும். காலந் தாழ்த்தியேனும் விடையைக் கொண்டுவந்திருக்கின்றேன், ஏற்றுக்கொள்.